திரையில் 410, சாலையில் 350: எதை நம்புவது?

கேள்வி: மின்சாரக் கார் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. ஒரு சார்ஜில் 460 கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். முழு சார்ஜ் போட்டால் திரையில் 410 காட்டுகிறது. போன வாரம் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர்தான் ஓட்டினேன், அதற்குள் 250-க்கு வந்துவிட்டது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: இதை மட்டும் வைத்துப் பேட்டரி போய்விட்டது என்று சொல்லவே முடியாது, பயப்படாதீர்கள். அந்த 460 சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் ஓட்டி எடுத்த எண். பல நாடுகளில் பின்பற்றும் டபிள்யூஎல்டிபி சோதனையையே பாருங்கள்: 23 டிகிரி வெப்பம், ஏசி கிடையாது, சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர். ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அது உதவும், உங்கள் பயணத்தைத் திட்டமிட உதவாது.

410 கார் தானாகப் போடும் கணக்கு. சமீபத்தில் எப்படி ஓட்டினீர்களோ அதை வைத்துத்தான் பெரும்பாலான கார்கள் இதைப் போடுகின்றன. ஊருக்குள் மெதுவாக ஓட்டிவிட்டு ராத்திரி சார்ஜ் போட்டால் காலையில் பெரிய எண் தெரியும், நீங்கள் நெடுஞ்சாலைக்குப் போகப்போவது அதற்கு எப்படித் தெரியும்? அங்கே போனதும் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, 80-இல் இருப்பதைவிட 110-இல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

சரி, 100 ஓட்டினால் 160 எப்படிக் குறையும்? 60 யூனிட் பேட்டரி, 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால் திரை 400 காட்டும். நெடுஞ்சாலையில் 18 யூனிட் செலவானால் மிச்சம் 42. பழைய கணக்குப்படி 280 காட்ட வேண்டும், ஆனால் கார் இனி 18 என்றே வைத்துக் கணக்குப் போட்டால் 233-தான் வரும். அதாவது செலவானது மட்டுமல்ல, மீதித் தூரத்துக்கான மதிப்பீடும் சேர்ந்தே இறங்குகிறது, பாதிப் பேர் பதறுவது இதைக் கவனிக்காமல்தான்.

அப்புறம் குளிர். ஹீட்டர் 3 கிலோவாட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 3 யூனிட், இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது ஓடும் நேரத்துக்குத்தான் கணக்கு, தூரத்துக்கு இல்லை. 90-இல் போனால் 100 கிலோமீட்டருக்கு 3 யூனிட் சொச்சம், நெரிசலில் 30-இல் ஊர்ந்தால் 10 யூனிட்! குளிர் நாளில் ஊருக்குள்ளேயே ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) சரிவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நான் திரையைச் சதவீதத்துக்கு மாற்றிவிட்டேன். நீங்களும் நெடுஞ்சாலையில் ஒருமுறை 80-இலிருந்து 60 சதவீதம் வரை எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், அதை ஐந்தால் பெருக்கினால் உங்கள் வேகத்துக்கும் உங்கள் சாலைக்குமான எண் கிடைத்துவிடும். குளிர்காலத்தில் இதைத் தனியாக எடுத்து வையுங்கள். பேட்டரியையே முழுதாகக் காலியாக்க வேண்டாம், 15 சதவீதத்தை ஒதுக்கிவிட்டுத் திட்டமிடுங்கள்.

கேள்வி: என் காரில் சில சமயம் 12 சதவீதத்திலிருந்து சட்டென்று 7-க்கு விழுகிறது. ஏன்?

பதில்: உங்களுடையது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியா பாருங்கள். அதில் சார்ஜ் இறங்கினாலும் வோல்டேஜ் நடுவில் அவ்வளவாக மாறாது, அதனால் உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் எண்ணித்தான் கார் மிச்சத்தைக் கணிக்கிறது. எண்ணுவதில் சிறு சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் வோல்டேஜ் இறங்கும்போதுதான் கார் அதைத் திருத்தும், அதுதான் அந்தச் சட்டென்ற சரிவு. அவ்வப்போது 100 வரை சார்ஜ் போடச் சொல்வதும் இந்தக் கணக்கை நேராக்கத்தான். உங்கள் காரின் கையேட்டில் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று போட்டிருப்பார்கள், அதன்படி செய்யுங்கள்.