மார்பகப் புற்றுநோய் திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்தோடு எப்படி இருப்பது?

ரேடியேஷன் முடிந்து நான்கு மாதம் ஆகிறது, எல்லோரும் "அதான் சரியாகிவிட்டதே" என்கிறார்கள், எனக்கோ ஒவ்வொரு வலியும் கேன்சராகவே தெரிகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு 2018-ல் இடது மார்பில் வந்தது, இரண்டாம் நிலை. கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது தினம் ஒரு தமாக்சிஃபென் மாத்திரை மட்டும், ஹார்மோன் கேன்சரை வளர்க்காமல் தடுப்பது.

சிகிச்சை நடந்தபோது எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. யாராவது ஒருவர் என் உடம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசி ரேடியேஷன் அன்று "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. நடுவில் ஏதாவது வந்தால் யார் பார்ப்பார்கள்? நானே பார்க்க ஆரம்பித்தேன். குளிக்கும்போது அக்குளைத் தடவுவது, படுக்கும்போது தடவுவது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தடவுவது. தொட்டுத் தொட்டே அந்த இடம் கன்றிப்போய் வலித்தது. வலித்ததால் இன்னும் பயம்.

அந்த வருடம் பொங்கலுக்கு வீடு ஒழித்துக் கழுவினோம். மறுநாள் இடுப்பில் வலி. பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கியது நான்தான், ஆனால் அது நினைவுக்கே வரவில்லை. எலும்புக்குப் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். உடம்பு முழுக்கப் பார்க்கும் பெட் ஸ்கேன் எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரிடம் போய் நின்றேன். அவர் இடுப்பை அழுத்திப் பார்த்துவிட்டு, "ரெண்டு வாரம் பாருங்கம்மா. குறையாம இருந்தாலோ, கூடிக்கிட்டே போனாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிச்சாலோ வாங்க, நானே எழுதறேன்" என்றார். அறிகுறி இல்லாதவர்களுக்கு அடிக்கடி ஸ்கேன் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று இத்தாலியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வுகள் 1994-லேயே காட்டிவிட்டன என்பதையும் பொறுமையாகச் சொன்னார். வருடா வருடம் மேமோகிராம், குறித்த தேதியில் டாக்டர் பரிசோதனை, இவை போதும். ஆனால் இவற்றைத் தவறவிடவே கூடாது.

எங்கள் சமையலறையில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் பதினான்கு தாள்களைத் தூக்கி, அடுத்ததில் பென்சிலால் "இடுப்பு, வலது பக்கம்" என்று எழுதினேன். அந்தத் தாள் மேலே வந்த காலையில், வலி எப்போது போனது என்பதுகூட எனக்கு ஞாபகமில்லை.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். வலி வந்தால் எழுதிவிடுவேன். எழுதியதும் பயம் போய்விடும் என்று பொய் சொல்ல மாட்டேன், யோசிப்பேன்தான். ஆனால் தாள் வருவதற்குள் முடிவு கட்டுவதில்லை. இத்தனை வருடத்தில் இரண்டே முறைதான் தாள் வந்த பிறகும் வலி இருந்தது. இரண்டு முறையும் போய்க் காட்டினேன். ஒன்று ஆபரேஷன் செய்த பக்கத் தோள் இறுக்கம், பிசியோதெரபியில் சரியானது. இன்னொன்று கழுத்து எலும்புத் தேய்மானம்.

எல்லாவற்றுக்கும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். மார்பிலோ அக்குளிலோ தழும்பிலோ புதிதாகக் கட்டி, மூச்சுத் திணறல், வலிப்பு, காலில் திடீர்ப் பலவீனம், இதெல்லாம் வந்தால் உடனே போக வேண்டும். தமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள் மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம், உங்கள் பயாப்சி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று மூன்று இருக்கும். முதல் இரண்டும் கேன்சர் ஹார்மோனால் வளர்கிறதா என்று காட்டும், மூன்றாவது ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று காட்டும். உங்களுக்கு எது பாசிட்டிவ், எது நெகட்டிவ் என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றுமே நெகட்டிவாக இருந்தால் முதல் மூன்று வருடம்தான் அபாயம் அதிகம், ஐந்து வருடம் தாண்டினால் வெகுவாகக் குறையும். என்னைப் போல ஹார்மோன் பாசிட்டிவ் என்றால் அபாயம் சிறிதாக, ஆனால் பல வருடம் கூடவே இருக்கும். அதற்காகத்தான் இந்த மாத்திரையை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் கொடுக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டால் பயம் கூடும் என்று நினைத்தேன். எனக்குக் குறைந்தது. அடுத்தவருக்கு வந்த கதையைக் கேட்டு நடுங்குவது நின்றது.

தூக்கமே வராமல், சோறு இறங்காமல் வாரக்கணக்கில் போனால் அதையும் ஒரு நோயாகவே எடுத்துக்கொண்டு மருத்துவமனையில் மனநல ஆலோசகரைக் கேளுங்கள். 14416 என்ற எண்ணில், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தோடு காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். மூன்றாம் வருடம் செக்கப்புக்கு முந்தைய வாரம் எனக்கு மனநல ஆலோசனை தேவைப்பட்டது. மூன்று முறை போனேன். முன்பே போயிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வீட்டில் மறைக்காதீர்கள். நான் இருமினால் என் மகள் பேச்சை நிறுத்திவிடுவாள். அவளும் பயந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. காலண்டர் விஷயத்தை அவளிடம் சொன்ன பிறகு, "அம்மா, தாள்ல ஏதாவது இருக்கா?" என்று நேராகவே கேட்கிறாள். நானும் நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த வாரத் தாள்களில் ஒன்றும் இல்லை. அடுத்த வியாழக்கிழமை "இடது முழங்கால்" என்று இருக்கிறது.