கேள்வி – பதில்: நகரத்தை எண்ணிப் பார்ப்பது எப்படி?

கேள்வி: வண்டியில் வைத்த கைபேசியே சாலைக் குழிகளைக் காட்டிக்கொடுக்கும் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: நம்பலாம், பதிவுகளைச் சரியாகச் சலித்தெடுத்தால். கைபேசிக்குள் இருக்கும் முடுக்கமானியை (அசைவையும் குலுக்கலையும் அளக்கும் சிறு உணரி) நொடிக்கு 50 முதல் 100 தடவை பதியவிட வேண்டும். போன் சட்டைப்பையில் கோணலாகக் கிடக்கலாம். அதனால் புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து மேல்கீழ் திசையை முதலில் கண்டுபிடித்து, அந்தத் திசையில் வரும் அதிர்வை மட்டும் எடுங்கள். வேகத்தையும் சேர்த்தே பதியுங்கள். 60 கி.மீ. வேகத்தில் சின்ன ஒட்டுகூடத் தூக்கிப்போடும், 10 கி.மீ. வேகத்தில் பெரிய பள்ளம்கூடச் சத்தமில்லாமல் கடந்துபோகும்.

ஜி.பி.எஸ். 5 முதல் 10 மீட்டர் வரை பிசகும், உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் கூடுதலாக. ஆகவே 15 மீட்டருக்குள் விழும் அதிர்வுகளை ஒரே இடமாகச் சேர்த்து, ஐந்து வண்டிகளாவது வெவ்வேறு நாட்களில் பதிந்திருந்தால் மட்டும் குழி என்று ஏற்பது நல்லது. வேகத்தடை, சாக்கடை மூடி, தண்டவாளம் இருக்கும் இடங்களை முன்கூட்டியே கழித்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. மிக மோசமான குழியை எல்லோரும் ஒதுங்கிக் கடப்பார்கள், அதனால் அங்கே அதிர்வே பதியாது! ஒரே இடத்தில் பல வண்டிகள் பிரேக் போட்டுப் பக்கவாட்டில் வளைகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2012இல், இப்படிப் போன் அதிர்வை வைத்துக் குழிகளைக் கண்டறியும் ‘ஸ்ட்ரீட் பம்ப்’ என்ற செயலியைக் கொண்டுவந்தபோது, ஸ்மார்ட்போனும் காரும் குறைவாக உள்ள பகுதிகளின் குழிகள் கணக்கில் வராமல் போகுமே என்ற கேள்வி எழுந்தது. மிக நியாயமான கேள்வி. எல்லாத் தெருவுக்கும் போகும் குப்பை வண்டிகளில் கருவியைப் பொருத்துவதே இதற்கு நல்ல வழி. அதிர்வு எத்தனை என்று மட்டும் எண்ணாமல், எத்தனை முறை கடந்ததில் எத்தனை அதிர்வு என்று வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: புகார் அதிகம் வரும் வார்டுக்கே முதலில் பணம் ஒதுக்குவது சரிதானே?

பதில்: சரியில்லை. சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கை இருக்கும் இடத்திலிருந்துதான் புகார் வரும். அலுத்துப்போனவர்கள் போன் செய்வதில்லை. ஒவ்வொரு வார்டிலும் குலுக்கல் முறையில் 20 தெருக்களை எடுத்து, நேரில் நடந்து பார்த்து, புகார்ப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: பூமிக்கடியில் குழாய் கசிவதைத் தரவு காட்டுமா?

பதில்: காட்டும். ஒரு பகுதிக்குள் தண்ணீர் நுழையும் குழாய்களில் மீட்டர் வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்தால் போதும். அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை யாரும் அதிகம் புழங்குவதில்லை. 1,000 இணைப்புகள் உள்ள பகுதியில் அந்த நேரத்தில் மணிக்கு 6,000 லிட்டர் ஓடுகிறது, வீட்டுப் புழக்கம் இணைப்புக்கு 2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மீதி 4,000 லிட்டர் கசிவு. அதை அப்படியே 24ஆல் பெருக்கக் கூடாது. இரவில் அழுத்தம் கூடுவதால் கசிவும் கூடியிருக்கும். நாள் முழுக்க இல்லாமல் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில் இந்தக் கணக்கு உதவாது, ஏனென்றால் இரவில் தண்ணீர் விட்டால் வீட்டுத் தொட்டிகள் அப்போதுதான் நிரம்பும்.

கேள்வி: பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டுப் பயணத் தரவை வெளியிட்டால் ஆபத்தில்லையே?

பதில்: ஆபத்து உண்டு. 15 லட்சம் பேரின் கைபேசித் தரவை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கு புள்ளிகளே 95 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டப் போதுமானதாக இருந்தன. நியூயார்க் டாக்சிகளின் 2013ஆம் ஆண்டுப் பயணப் பதிவுகள் அடுத்த ஆண்டு வெளியானபோது, வண்டி எண்களை எம்.டி.5 முறையில் (ஓர் எண்ணுக்கு எப்போதும் ஒரே குறியீட்டைத் தரும் கணக்கு) மறைத்திருந்தார்கள். வண்டி எண் அமைப்பில் சாத்தியங்கள் குறைவு என்பதால், எல்லாவற்றையும் கணக்கிட்டு ஒப்பிட்டே அசல் எண்களை எடுத்துவிட்டார்கள்.

எண்ணை மறைப்பதற்குப் பதில், தினமும் மாறும் குலுக்கல் எண்ணைக் கொடுங்கள். தனிப் பயணங்களை வெளியிடாமல், இந்தப் பகுதியிலிருந்து அந்தப் பகுதிக்கு இந்த மணியில் இத்தனை பேர் என்று அட்டவணையாகத் தொகுத்து, அதில் 10 பேருக்குக் குறைந்த கட்டங்களை அழித்துவிடுங்கள். கூட்டுத்தொகையை அப்படியே விட்டால் கழித்துப் பார்த்து அழித்ததைக் கண்டுபிடிக்க முடியும். அதையும் அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கி, வரிசைக்கு இரண்டு கட்டங்களாவது மறைந்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.