வாசகர் கேள்வி: கமெரா வாங்கட்டுமா?

கேள்வி: அண்ணன், எங்கள் பக்கத்தில் வடமோடிக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க ஆசை. கையில் இருப்பது 40,000 ரூபாயும் என்னுடைய போனும்தான். பழைய கமெரா ஒன்று வாங்கட்டுமா?
- வாசகி, ஆரையம்பதி

பதில்: வாங்காதீர்கள் தங்கச்சி. போன் போதும். காசை முதலில் சத்தத்துக்குச் செலவழியுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் சனம் இருந்து பார்க்கும், பேச்சு விளங்காவிட்டால் எழும்பிப் போய்விடும். சட்டையில் குத்துகிற வயர் மைக் ஒன்றை வாங்கி, வீட்டில் கிடக்கும் இன்னொரு போனில் செருகி, அதை அண்ணாவியாரின் சட்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள். தொடங்கும்போது ஒருதரம் கைதட்டினால் எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்தலாம். எடிட்டிங்குக்கும் காசு வேண்டாம், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

ஹெட்போன் போட்டுக் கேட்காமல் ஒரு நிமிடம்கூட எடுக்காதீர்கள். நான் பட்டபாடு அது. வாழைச்சேனைப் பக்கம் ஓர் அண்ணாவியாரை இரண்டு மணித்தியாலம் பேசவைத்து எடுத்தேன். நல்ல வெக்கை, தலைக்கு மேலே ஃபேன். பெரிய மனிசன் வேர்த்து வழிய இருக்கிறார், நிற்பாட்டச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஃபேன்தான் பேசுகிறது. மறுகா ஒருக்கா போவோம் என்று இருந்தேன். அடுத்த சித்திரைக்கு முன்னமே அவர் போய்விட்டார்.

அரங்கேற்ற இரவை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். அன்றைக்கு ஊரே போனைத் தூக்கிப் பிடிக்கும். ஒலிபெருக்கி இரைச்சலில் சல்லாரித் தாளமும் கேட்காது, சதங்கையும் கேட்காது. சட்டம் கொடுக்கிற, அதாவது ஆடுகிறவர்களுக்கு அவரவர் பாத்திரத்தின் பாட்டைக் கொடுக்கிற நாளிலிருந்து பழக்கத்துக்குப் போங்கள். தாளம் பிழைத்த பெடியனை அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பாரே ஒரு பார்வை, படம் அங்கேதான் இருக்கிறது. மைக்கை மத்தளத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஒலி உடையும். பிற்பாட்டுக்காரர் பக்கம் வையுங்கள். டியூப் வெளிச்சத்தில் படம் மினுங்கினால் போனைத் திட்டாதீர்கள். நம்முடைய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் அடங்கிவிடும்.

மிச்சக் காசு பஸ்ஸுக்கும் வெற்றிலை பாக்குக்கும். சிரிக்க வேண்டாம், முதல் நாலைந்து தரம் போனை வெளியே எடுக்காமல் போய்ச் சும்மா இருந்துவிட்டு வர வேண்டும். அவர் உங்களை மறந்த பிறகுதான் எடுக்க ஏதாவது கிடைக்கும்.

கேள்வி: மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்களே, அந்தப் பாடும் மீனைப் பற்றிப் பத்து நிமிடப் படம் எடுக்கிறேன். கல்லடிப் பாலத்தை மேலிருந்து காட்ட ட்ரோன் வாடகைக்கு எடுக்கலாமா?
- வாசகர், நாவற்குடா

பதில்: சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளையும் அனுமதியையும் முதலில் பாருங்கள். அதைவிட, பாடும் மீன் காதால் கேட்கிற கதை, தம்பி. அதை மேலே இருந்து பார்த்து என்ன செய்ய? அந்தக் காலத்து ஆட்கள் நிலவு நாளில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார்கள். ட்ரோன் காசில் ஒரு தோணிக்காரரைப் பிடியுங்கள். விலை குறைந்த மைக் ஒன்றைப் பலூனுக்குள் போட்டு வாயை இறுக்கிக் கட்டிப் பாலத்தடியில் இறக்குங்கள். முதலில் தண்ணீர் இரைச்சலும் எஞ்சின் சத்தமும்தான் வரும். எஞ்சின் ஓடாத நேரம் பார்த்து, விடியுமட்டும் பொறுத்திருங்கள். ஏதாவது பாடினால் எனக்கும் அனுப்புங்கள்.