இரண்டு வெற்றி, நான்கு தோல்விக்கு அப்புறம் வந்த வருடம்: மிச்சிகன் 2021

கேள்வி: முந்தைய வருடம் படுமோசமாகத் தோற்று, ‘இந்த முறை மீண்டே ஆக வேண்டும்’ என்ற நெருக்கடியோடு ஆடிய ஒரு கல்லூரி அணி உண்மையிலேயே மீண்டதைப் பார்த்திருக்கிறீர்களா? எது அவர்களை மீட்டது?

பார்த்திருக்கிறேன். 2021-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணி. நான் சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால்.

2015-இல் மேற்படிப்புக்காக ஆன் ஆர்பர் ஊருக்கு வந்தேன். படிப்பு முடிந்து டெட்ராய்ட் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை கிடைத்தது, இங்கேயே தங்கிவிட்டேன். நான் வந்த அதே வருடம்தான் ஜிம் ஹார்பா அந்த அணிக்குப் பயிற்சியாளராகத் தன் முதல் பருவத்தைத் தொடங்கினார். அவர் இந்தக் கல்லூரியின் பழைய மாணவர். 1986-இல் இங்கே குவார்ட்டர்பேக்காக, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவராக, இருந்தபோது ‘ஒஹையோ ஸ்டேட்டை நாங்கள் ஜெயிப்போம், இது உறுதி’ என்று பத்திரிகையாளர்களிடம் பகிரங்கமாகச் சொல்லிவிட்டு, அவர்கள் ஊருக்கே போய் 26-24 என்று ஜெயித்துக் காட்டியவர். அப்படிப்பட்டவர் திரும்பி வந்ததும் ஊரே கொண்டாடியது.

ஒஹையோ ஸ்டேட் என்பது பக்கத்து மாநிலத்துப் பல்கலைக்கழகம். ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் இரு அணிகளும் மோதும். இந்த ஊரில் அதற்குப் பெயரே ‘தி கேம்’ தான். மற்ற பதினொரு ஆட்டத்தை ஜெயித்து இதைத் தோற்றால் வருடம் கசந்துபோகும். நான் வந்த முதல் நவம்பரில் மாணவர் பகுதியில் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தேன்: 42-13, தோல்வி. 2016-இல் கூடுதல் நேரத்தில் 30-27, தோல்வி. 2017-இல் 31-20. 2018-இல் 62-39. 2019-இல் 56-27. ஹார்பாவுக்கு ஐந்துக்கு ஐந்தும் தோல்வி. அணி மோசம் என்று சொல்ல முடியாது, பெரும்பாலான வருடங்களில் ஒன்பது பத்து ஆட்டம் ஜெயித்தது. ஆனால் அந்த ஓர் ஆட்டம் வரும்போது எங்கோ ஒரு நம்பிக்கை உடைந்து கிடப்பது பார்க்கிறவர்களுக்கே தெரிந்தது.

அப்புறம் 2020. கொரோனாவால் பருவமே அக்டோபர் கடைசியில்தான் தொடங்கியது. லட்சம் பேருக்கு மேல் உட்காரும் ‘பிக் ஹவுஸ்’ மைதானம் காலியாகக் கிடந்தது. முதல் ஆட்டத்தில் மினசோட்டாவை 49-24 என்று வென்றதும் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அடுத்த வாரமே உள்ளூர்ப் போட்டியாளரான மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோல்வி. அதற்கடுத்து இந்தியானாவிடம் தோல்வி, 1987-க்குப் பிறகு அவர்களிடம் மிச்சிகன் தோற்றதே இல்லை. விஸ்கான்சினிடம் சொந்த மண்ணில் 49-11. ரட்கர்ஸை மூன்று கூடுதல் நேரம் ஆடித்தான் தட்டுத்தடுமாறி வெல்ல முடிந்தது. பென் ஸ்டேட்டிடம் மறுபடி தோல்வி. பிறகு அணிக்குள் தொற்று பரவி மிச்ச ஆட்டங்கள் ரத்தாயின. ஒஹையோ ஸ்டேட் ஆட்டமும் அதில் போனது. இரண்டு வெற்றி, நான்கு தோல்வி. அந்த ஆட்டம் ரத்தானதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அப்படி நிம்மதி வந்ததுதான் அந்த வருடத்தின் மிகப் பெரிய வலி.

ஹார்பாவை அனுப்பிவிடுவார்கள் என்றே எல்லோரும் நினைத்தோம். அனுப்பவில்லை. 2021 ஜனவரியில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள், ஆனால் சம்பளத்தைப் பாதியாக வெட்டினார்கள். ஆண்டுக்குச் சுமார் 80 லட்சம் டாலர் வாங்கியவருக்கு அடிப்படைச் சம்பளம் 40 லட்சம். பிரிவில் முதலிடம், மிச்சிகன் ஆடும் லீக்கான பிக் டென்னின் பட்டம், தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்றான பிளேஆஃப் என்று ஒவ்வொரு படி ஏறினால் அதற்குத் தனியாக ஊக்கத்தொகை. பெரிய பெயரோடு இருக்கும் பயிற்சியாளர் ஒருவர் இப்படிப்பட்ட தாளில் கையெழுத்துப் போடுவது சாதாரணம் இல்லை. அவர் போட்டார். மீட்சி அன்றைக்குத்தான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து, உதவிப் பயிற்சியாளர்களில் பலர் மாறினார்கள். தடுப்பாட்டத்தைப் பல வருடம் கவனித்த டான் பிரவுன் போனார். அவருக்குப் பதிலாகத் தொழில்முறை அணியான பால்டிமோர் ரேவன்ஸிலிருந்து மைக் மெக்டொனால்ட் வந்தார், வயது முப்பத்துச் சொச்சம். ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி தர மைக் ஹார்ட் வந்தார். இவரும் இங்கே ஆடியவர், 2004 முதல் 2007 வரை நான்கு முறை ஒஹையோ ஸ்டேட்டை எதிர்கொண்டு நான்கு முறையும் தோற்றவர். அந்தத் தோல்வி எப்படி இருக்கும் என்று பையன்களுக்கு அவர் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. முன்வரிசைத் தடியர்களைத் தயார் செய்யும் பொறுப்பு ஷெரோன் மூரிடம் வந்தது.

இந்த முன்வரிசை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். பந்தை எறியலாம், இல்லை கையில் கொடுத்து ஓட விடலாம். ஓட விடுவது என்றால் முன்னால் நிற்கும் ஐந்து மலைகள் எதிராளியை நகர்த்தி வழி திறக்க வேண்டும். அதற்குத் தந்திரத்தைவிட உடல்வலுவும் பிடிவாதமும்தான் வேண்டும். முந்தைய தோல்விகளில் மிச்சிகன் இழந்தது அதைத்தான். 2021-இல் பயிற்சியில் ஒரு பகுதிக்கு ‘பீட் ஒஹையோ’ என்றே பெயர் வைத்தார்கள். பந்தை எறியவே கூடாது, நேருக்கு நேர் மோதி நடுவில் ஓட வேண்டும். நவம்பரில் வரப்போகும் எதிராளியின் பெயரை வெயில் காலத்திலேயே சொல்லிப் பழகினார்கள்.

பல அணிகள் நெருக்கடியான வருடத்தில் ‘ஒவ்வொரு ஆட்டமாகப் பார்க்கிறோம், எல்லா ஆட்டமும் ஒன்றுதான்’ என்று சொல்லித் தப்பிக்கும். அந்த ஜூலையில் செய்தியாளர்கள் ஒஹையோ ஸ்டேட்டை ஜெயிப்பது பற்றிக் கேட்டபோது, ஜெயிப்போம், இல்லையென்றால் முயன்றே சாவோம் என்கிற பொருளில் ஹார்பா பதில் சொன்னார். 1986-இல் பேசிய அந்தப் பையன் திரும்பி வந்த மாதிரி இருந்தது. உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இதுதான்: நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்ததை மறைக்காமல், பெயர் சொல்லி மேசை மேல் எடுத்து வைத்தார்கள்.

இன்னொரு காரணம் தடுப்பாட்டக்காரர் ஏய்டன் ஹட்சின்சன். பக்கத்து ஊர் பிளிமத்தைச் சேர்ந்தவர். அவர் அப்பாவும் மிச்சிகனுக்கு ஆடியவர். 2020-இல் காலில் எலும்பு முறிந்து பாதியில் வெளியேறினார். தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம், போகாமல் இன்னொரு வருடம் இருந்தார். இரண்டே வெற்றி கண்ட வருடத்தோடு கல்லூரிக் காலத்தை முடித்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. ஒரு நல்ல ஆட்டக்காரர் திரும்பி வந்தால் அணிக்கு ஓர் ஆள் கிடைத்தார் என்று மட்டும் ஆகாது. ‘இவரே இருக்கிறாரே’ என்று மற்றவர்களும் நிற்பார்கள்.

பருவத்துக்கு முந்தைய தரவரிசையில் முதல் 25-இல் மிச்சிகனுக்கு இடமே கிடைக்கவில்லை. தொடக்க ஆட்டத்திலேயே சிறந்த பந்து பிடிப்பாளர் ரானி பெல் முழங்காலில் அடிபட்டு வருடம் முழுக்க ஆட முடியாமல் போனார். சரி, இந்த வருடமும் அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் வாஷிங்டனை 31-10, விஸ்கான்சினை அவர்கள் ஊரில் 38-17 என்று ஜெயித்தார்கள். விஸ்கான்சின் மண்ணில் 2001-க்குப் பிறகு அதுதான் முதல் வெற்றி. நெப்ராஸ்காவில் கடைசி நிமிடங்களில் எதிரணி குவார்ட்டர்பேக் கையிலிருந்தே பந்தைப் பறித்து, ஜேக் மூடி உதைத்த கோலால் 32-29.

அக்டோபர் 30. ஈஸ்ட் லான்சிங்கில் மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆட்டம். மூன்றாம் கால் பகுதியில் மிச்சிகன் 30-14 என்று முன்னால் இருந்தது. அங்கிருந்து கென்னத் வாக்கர் என்ற ஓட்டக்காரரை யாராலும் பிடிக்க முடியவில்லை. அந்த ஒரே ஆட்டத்தில் ஐந்து டச்டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது. மிச்சிகனின் மாற்று குவார்ட்டர்பேக், முதலாமாண்டுப் பையன் ஜேஜே மெக்கார்த்தி இக்கட்டான நேரத்தில் பந்தைத் தவறவிட்டார். 37-33, தோல்வி. நான் டிவியை அணைத்துவிட்டு வெளியே போய் இலை கூட்டினேன். பழைய கதை மறுபடி தொடங்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. அன்று இரவு இந்த மாநிலத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அந்த வருடத்தின் உண்மையான சோதனை அதற்கு அடுத்த இரண்டு வாரம்தான் என்பது என் கருத்து. அணிக்குள் யாரும் யாரையும் பழி சொல்லி வெளியே கேட்கவில்லை. மெக்கார்த்தியை மூலையில் உட்கார வைக்காமல் அடுத்தடுத்த ஆட்டங்களிலும் இறக்கினார்கள். இந்தியானாவை வென்றார்கள். பென் ஸ்டேட்டில் மூன்றரை நிமிடம் இருக்கும்போது முதன்மை குவார்ட்டர்பேக் கேட் மெக்நமாரா எறிந்த பந்தைப் பிடித்து எரிக் ஆல் 47 யார்டு ஓடினார். 21-17. முந்தைய வருடங்களில் இப்படிப்பட்ட ஆட்டத்தை மிச்சிகன் தோற்றிருக்கும்.

பெரிய ஆட்டத்துக்கு வருவதற்கு முன் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2021 முதல் 2023 வரை மிச்சிகன் ஊழியர் ஒருவர் எதிரணிகளின் ஆட்டங்களுக்கு ஆள் அனுப்பி அடுத்து என்ன ஆடுவது என்று அவர்கள் களத்துக்குக் காட்டும் சைகைகளைப் படம்பிடிக்கச் செய்தார், அது விதிமீறல் என்று கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ முடிவு செய்து 2025-இல் தண்டனை விதித்தது. இந்த அணியை நேசிக்கிற எனக்கு அது உறுத்துகிறது. எத்தனை வெற்றியில் அதற்குப் பங்கு உண்டு என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு கணக்குச் சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

நவம்பர் 27. என் பக்கத்து வீட்டுக்காரர் எழுபதை நெருங்குகிறவர், சிறுவயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்த மைதானத்துக்குப் போனவர். அவர் மகனுக்கு அன்று வர முடியாததால் அந்த டிக்கெட்டை எனக்குக் கொடுத்தார். மைதானத்தில் 1,11,000-க்கும் மேற்பட்டவர்கள். பனி பெய்துகொண்டிருந்தது. முந்தைய வாரம்தான் ஒஹையோ ஸ்டேட், எங்களைத் தோற்கடித்த அதே மிச்சிகன் ஸ்டேட்டை 56-7 என்று நசுக்கியிருந்தது. தரவரிசையில் அவர்கள் 2, நாங்கள் 5. பாதி ஆட்டம் முடிந்தபோது 14-13, ஒரு புள்ளி முன்னால். பெரியவர் எதுவும் பேசவில்லை. பல வருடம் ஏமாந்தவர் அவர்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் எங்கள் ஓட்டக்காரர் பிளேக் கோரம் 55 யார்டு ஓடினார். அடுத்து இன்னொரு ஓட்டக்காரர் ஹசான் ஹாஸ்கின்ஸ் உள்ளே புகுந்தார், டச்டவுன். அதற்குப் பிறகு மிச்சிகன் பந்தை எறிய அதிகம் முயலவே இல்லை. எல்லோருக்கும் தெரியும், ஹாஸ்கின்ஸ் கையில்தான் கொடுக்கப்போகிறார்கள். ஒஹையோ ஸ்டேட்டுக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. வெயில் காலம் முழுக்கப் பழகிய அந்த மோதல் அப்படியே களத்தில் நடந்தது. முன்வரிசை எதிராளியை இரண்டு மூன்று யார்டு பின்னால் தள்ளிக்கொண்டு போவதை மேலிருந்து பார்க்கும்போது ஏர் மண்ணைப் புரட்டுவது போல இருந்தது. இரண்டாம் பாதியில் நான்கு டச்டவுன், நான்கும் ஹாஸ்கின்ஸ். மொத்தம் ஐந்து. மறுபக்கம் ஹட்சின்சன் எதிரணி குவார்ட்டர்பேக்கை மூன்று முறை தரையில் சாய்த்தார். 42-27. 2011-க்குப் பிறகு முதல் வெற்றி.

மாணவர்கள் தடுப்பைத் தாண்டிக் களத்துக்குள் ஓடினார்கள். பச்சைத் தரை தெரியவே இல்லை. பெரியவர் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் தோளில் கை வைத்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அடுத்த வாரம் இந்தியானாபொலிஸில் ஐயோவாவை 42-3 என்று வென்று, 2004-க்குப் பிறகு முதல் பிக் டென் பட்டம். அந்த வாரம்தான் இந்த மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்து நான்கு மாணவர்கள் இறந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தப் பள்ளி ஃபுட்பால் அணியில் 42-ஆம் எண் அணிந்தவர். அந்த எண்ணும் நான்கு இதயமும் பொறித்த பட்டையை மிச்சிகன் வீரர்கள் சட்டையில் அணிந்து ஆடினார்கள். எடுத்த புள்ளியும் 42. எதேச்சைதான், ஆனாலும் அன்று இங்கே யாரும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

தேசிய பிளேஆஃபில் ஜார்ஜியாவிடம் 34-11 என்று தெளிவாகவே தோற்றார்கள். ஜார்ஜியா வேறு தரத்தில் இருந்தது, அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வெற்றி, இரண்டு தோல்வி என்று வருடம் முடிந்தது. சம்பளம் பாதியான ஹார்பாவுக்கு ஊக்கத்தொகை குவிந்தது. அந்தப் பணத்தை, கொரோனா காலத்தில் சம்பளம் குறைக்கப்பட்ட விளையாட்டுத் துறை ஊழியர்களுக்கே கொடுத்துவிடுவதாக அவர் அறிவித்தார்.