பம்ப் ஸ்டவ், தோல் வாஷர், நாய்க் கல்லீரல்: துருவப் பயணக் கேள்வி பதில்

ஷாக்கிள்டன், ஸ்காட், மாசன் மூவரின் அண்டார்க்டிகா பயணங்களைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவை வீரம், தலைமை, தியாகம் பற்றியே இருந்தன. பதில்கள் மண்ணெண்ணெய், வியர்வை, கல்லீரல் என்று கீழே இறங்கிவிடும். என் பார்வையில் உயிரோடு திரும்புவதைத் தீர்மானித்தவை அவைதான்.

கேள்வி: தூத்துக்குடியில் விசைப்படகு ஓட்டுகிறேன். ஜிபிஎஸ் இல்லாமல், ஏழு மீட்டர்கூட இல்லாத ஒரு படகில் ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் யானைத் தீவிலிருந்து தெற்கு ஜார்ஜியா வரை 800 கடல் மைல் போய்த் தீவைச் சரியாகப் பிடித்தார்கள் என்கிறார்கள். கதைக்காகச் சேர்த்ததா?

பதில்: சேர்த்ததில்லை. 1916 ஏப்ரல் 24-இல் புறப்பட்டு மே 10-இல் கரையேறினார்கள். வழிகாட்டியவர் ஃபிராங்க் வொர்ஸ்லி. அத்தனை நாளில் அவருக்குச் சூரியன் கண்ணில் பட்டது நான்கே முறை. நண்பகலில் செக்ஸ்டன்ட் வைத்துச் சூரியனின் உயரத்தை அளந்தால் அட்சரேகை கிடைத்துவிடும். அதற்குத் துல்லியமான கடிகாரம் வேண்டாம். தீர்க்கரேகைக்குத்தான் கடிகாரம் வேண்டும். நான்கு வினாடி பிசகினால் ஒரு பாகைநிமிடம், அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, தவறும். தெற்கு ஜார்ஜியா இருக்கும் 54 பாகையில் அது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடிகாரம் ஒரு நிமிடம் தப்பினால் படகு பதினாறு கிலோமீட்டர் தள்ளி நிற்கும். பனியில் நொறுங்கிப்போன அவர்களுடைய எண்டியூரன்ஸ் கப்பலில் கொண்டுபோன 24 கடிகாரங்களில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று.

அலை உச்சிக்குப் படகு ஏறும் அந்த ஒரு கணத்தில்தான் அடிவானம் தெரியும். இருவர் வொர்ஸ்லியைப் பிடித்துக்கொள்வார்கள், அவர் அளப்பார், கீழே குனிந்து ஒருவர் நேரம் குறிப்பார். மற்ற நாளெல்லாம் வேகத்தையும் திசையையும் வைத்துப் போட்ட மனக்கணக்குதான். நீங்கள் கடலில் போகிறவர் என்பதால் அடுத்ததைக் கவனித்திருப்பீர்கள். பத்து மைலுக்கு உட்பட்டு இடம் சொல்ல முடியாது என்று வொர்ஸ்லி சொன்னதும், ஆள் நடமாட்டமுள்ள வடகிழக்குக் கரையை விட்டுவிட்டு ஆளே இல்லாத மேற்குக் கரையைக் குறிவைத்தார்கள். அங்கே காற்றும் நீரோட்டமும் மேற்கிலிருந்து கிழக்கே போகும். தீவைத் தாண்டிவிட்டால் திரும்பிவர வழியில்லை. திறமையைவிட இந்த முடிவுதான் அவர்களைக் காப்பாற்றியது என்பேன்.

கேள்வி: அதே படகைப் பற்றித்தான். திறந்த படகு அந்தக் கடலில் எப்படி மூழ்காமல் போனது?

பதில்: அது திறந்த படகாகப் புறப்படவில்லை. ஹாரி மக்னீஷ் என்ற தச்சர் சறுக்குவண்டிச் சட்டங்களையும் பெட்டி மூடிகளையும் குறுக்கே அடித்து, மேலே கேன்வாஸ் துணியை இழுத்துத் தைத்துக் கூரை போட்டார். துணி உறைந்து பலகைபோல் விறைத்திருந்ததால், கொழுப்பு அடுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கித்தான் ஊசி ஏற்ற முடிந்தது. படகு நடுவில் முறியாமலிருக்க இன்னொரு படகின் பாய்மரத்தை உள்ளே அடிக்கட்டையோடு சேர்த்துக் கட்டினார்கள். பலகை இடுக்குகளை அடைத்தது விளக்குத் திரி, ஓவியருடைய எண்ணெய்ச் சாயம், சீல் ரத்தம் மூன்றும் சேர்ந்த கலவை.

கவிழாமலிருக்க ஏறக்குறைய ஒரு டன் கல்லை அடியில் போட்டார்கள். அது அதிகம் என்று வொர்ஸ்லி வாதாடினார். அவர் சொன்னது சரியே: பாரம் கூடினால் படகு தாழும், தெறிக்கும் நீர் முழுக்க மேலே விழும், விழுந்தது உறையும். கூரைமேல் பனிக்கட்டி தடித்து, படகு அலையோடு எழும்பாமல் மந்தமானபோது, மாற்றி மாற்றி ஊர்ந்து போய் வெட்டி எறிந்தார்கள். இன்னொரு தொல்லை யாரும் எதிர்பாராதது. கலைமான் தோல் படுக்கைப் பைகள் நனைந்து முடி உதிர்ந்தது. அந்த முடி இறைகுழாயை அடைத்தது, சாப்பாட்டிலும் விழுந்தது.

அந்தப் படகின் பெயர் ஜேம்ஸ் கெயர்டு. பயணத்துக்கு 24,000 பவுண்டு கொடுத்த டண்டீ நகரச் சணல் ஆலை முதலாளியின் பெயர் அது. டண்டீ ஆலைகளுக்குச் சணல் போனது வங்காளத்திலிருந்து.

கேள்வி: ஸ்காட் முட்டாள், அமுண்ட்சன் அறிவாளி. இதுதானே கதை? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: சுருக்கமாக: இல்லை. விரிவாகச் சொன்னால்தான் புரியும்.

நார்வேக்காரர் அமுண்ட்சன் 1911 டிசம்பர் 14-இல் தென்துருவம் சேர்ந்தார். பிரிட்டனின் ஸ்காட் நால்வரோடு 1912 ஜனவரி 17-இல். திரும்பும் வழியில் எட்கர் எவன்ஸும் ஓட்ஸும் முதலில் இறந்தார்கள். மற்ற மூவர் மார்ச் கடைசியில் கூடாரத்திலேயே முடிந்தார்கள். ஒரு டன் கிடங்கு என்ற பெரிய உணவுக் கிடங்குக்கு இன்னும் 11 கடல் மைல், ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இந்த எண்ணைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கிடங்கை வைக்கத் திட்டமிட்ட இடம் 80 பாகை. குதிரைகள் தளர்ந்ததால் 79 பாகை 29 நிமிடத்திலேயே இறக்கிவைத்தார்கள். கடைசிக் கூடாரம் 79 பாகை 40 நிமிடத்தில் நின்றது. திட்டப்படி வைத்திருந்தால் அவர்கள் கிடங்கைக் கடந்தே வந்திருப்பார்கள்.

அடுத்தது மண்ணெண்ணெய். ஸ்காட்டின் டின்களில் மூடிக்குக் கீழே தோல் வாஷர். கடுங்குளிரில் தோல் சுருங்கிக் கெட்டியாகும். வெயில் படும்போது எண்ணெய் ஆவியாகி அந்த இடுக்கில் போய்விடும். கிடங்குகளில் திறந்து பார்த்தால் அளவு குறைவு. அமுண்ட்சன் தம் டின்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தே கொண்டுபோனார்.

மண்ணெண்ணெய் குறைந்தால் தண்ணீரே குறையும். கணக்கைப் பாருங்கள். மைனஸ் 30 பாகைப் பனி ஒரு கிலோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர 63 கிலோஜூல், உருக்க 334, கொதிக்கவைக்க 418. மொத்தம் 815. அடுப்பின் சூட்டில் பாதி வீணாகும் என்று வைத்தால் ஒரு லிட்டர் கொதிநீருக்கு ஏறக்குறைய 47 மில்லி மண்ணெண்ணெய். ஐந்து பேருக்கு நாளைக்குப் பதினைந்து லிட்டர் என்றால் 700 மில்லி. டின்னில் கால்பங்கு ஆவியாகிவிட்டால், கால்பங்குத் தண்ணீர் போனதாகத்தான் அர்த்தம்.

தவறே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. கடைசி நேரத்தில் நால்வர் குழுவில் ஐந்தாவதாக பவர்ஸைச் சேர்த்தது என் கணக்கில் பெரிய பிழை. கூடாரம் நால்வருக்கானது, உணவு நால்வருக்காகப் பொட்டலம் கட்டியது, சமையலுக்கு நாளைக்கு அரை மணி நேரம் கூடுதல் என்று ஸ்காட்டே எழுதியிருக்கிறார். பவர்ஸின் பனிச்சறுக்குக் கட்டைகள் பின்னால் விட்டு வந்த கிடங்கில் இருந்தன. மற்றவர்கள் சறுக்கிப் போக அவர் நடந்தார். உணவு நாளைக்குச் சுமார் 4,500 கலோரி; வண்டி இழுக்கும் ஆளுக்கு 6,000-க்கு மேல் வேண்டும். போதாக்குறைக்கு மார்ச்சில் மைனஸ் 40-ஐ ஒட்டிய குளிர். அந்தக் குளிரில் பனி வழுக்காது. சறுக்குச் சட்டத்தின் அடியில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாவதில்லை. வண்டியை மணலில் இழுப்பதுபோல் இருக்கும்.

கேள்வி: சுற்றிலும் பனி இருக்க எதற்கு அடுப்பு? அள்ளித் தின்றால் தாகம் தீராதா?

பதில்: தீரும், ஆனால் உருக்கும் செலவு உடம்பின் தலையில். மைனஸ் 20 பாகைப் பனி ஒரு கிலோவை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 127 கலோரி போகும். நாளைக்கு நான்கு லிட்டர் என்றால் 500. வாயும் புண்ணாகும்.

அவர்களிடம் இருந்தது பிரைமஸ் அடுப்பு. நம் வீடுகளில் இருந்த பம்ப் ஸ்டவ்வும் அதே வகைதான். முதலில் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்துக் குழாயைச் சூடேற்ற வேண்டும். சூடு போதாமல் பம்ப் அடித்தால் எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே பீச்சி மஞ்சளாகக் கொழுந்துவிட்டு எரியும், பாத்திரமெல்லாம் கரி. கூடாரத்துக்குள் இது நடந்தால் கூடாரமே போகும். பானையில் வெறும் பனியைப் போடாதீர்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிறகு பனி சேர்க்க வேண்டும். இல்லையென்றால் உருகும் நீரை மேல்பனி உறிஞ்சிக்கொள்ள, அடிப்பாகம் தீய்ந்து தண்ணீரில் கருகல் வாடை அடிக்கும். கடல்மேல் உறைந்த பனிக்கட்டி என்றால் புதிது உப்புக் கரிக்கும். ஓர் ஆண்டுக்கு மேல் பழையதில் உப்பு வடிந்துவிடும். நீலநிறமும் மழுங்கிய விளிம்பும் பழையதின் அடையாளம்.

காற்றோட்டத்தை அடைத்து அடுப்பு எரிக்கக் கூடாது. 1934-இல் தனியாகக் குளிர்காலம் கழித்த ரிச்சர்ட் பர்ட் கார்பன் மோனாக்சைடால் சாவின் விளிம்புவரை போனார்.

கேள்வி: நான் நர்ஸ். மாசனோடு போன மெர்ட்ஸ் நாய்க் கல்லீரல் தின்று வைட்டமின் ஏ விஷமேறி இறந்தார் என்று படித்தேன். உறுதியான செய்தியா?

பதில்: வலுவான ஊகம். 1912 டிசம்பர் 14-இல் மூவர் குழுவின் மூன்றாமவரான நின்னிஸ், சிறந்த ஆறு நாய்கள், பெரும்பாலான உணவு, கூடாரம் எல்லாம் ஒரே பனிப்பிளவில் விழுந்தன. மாசனுக்கும் மெர்ட்ஸுக்கும் மிஞ்சியது பத்து நாள் உணவு. தளம் 500 கிலோமீட்டருக்கு அப்பால். மீதி நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றார்கள். இறைச்சி நாராக இருந்தது, கல்லீரல் மெதுவாக இருந்தது. அதனால் நலிந்த மெர்ட்ஸுக்குக் கல்லீரல் அதிகம் போயிருக்கலாம். தோல் உரிதல், வயிற்றுப்போக்கு, பிதற்றல், வலிப்பு எல்லாம் பொருந்துகின்றன. 1913 ஜனவரி 8-இல் இறந்தார். வைட்டமின் ஏ விளக்கத்தை 1969-இல்தான் முன்வைத்தார்கள். பட்டினியும் குளிருமே போதும் என்று மறுப்பவர்களும் உண்டு.

துருவக்கரடிக் கல்லீரலில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு கிராமிலேயே பத்தாயிரம் அலகுக்கு மேல். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பே பத்தாயிரம்தான். 1597-இல் டச்சுக் கடலோடி பேரன்ட்ஸின் மாலுமிகள் சிலர் அதைத் தின்று தலை முதல் கால் வரை தோல் உரிந்தார்கள்.

மாசனின் உள்ளங்கால் தோல் தனித் தகடாகக் கழன்றது. கம்பளிக் கொழுப்பைத் தடவி, கழன்ற தோலையே திரும்ப வைத்துக் கட்டி, மேலே பல சோடி காலுறை போட்டு நடந்தார். பிப்ரவரி 8-இல் தளம் சேர்ந்தபோது கப்பல் சில மணி நேரத்துக்கு முன்புதான் கிளம்பியிருந்தது.

கேள்வி: எங்க வீட்ல சுத்த சைவம். அங்க போயிருந்தா ஸ்கர்வி வந்து செத்திருப்போமா?

பதில்: சாக வேண்டியதில்லை. நாளைக்கு 10 மில்லிகிராம் வைட்டமின் சி இருந்தால் ஸ்கர்வி வராது. சீல் இறைச்சியை அரைவேக்காட்டில் தின்றவர்கள் பிழைத்ததும், டப்பா உணவை நம்பியவர்கள் ஈறு வீங்கியதும் அதனால்தான். வேகவேக அந்த வைட்டமின் அழியும். ஆனால் உலர்ந்த பயறில் மிகக் குறைவாக இருப்பது முளைகட்டிய பயறில் கூடுதலாக உண்டு: 100 கிராம் முளைப்பயறில் ஏறக்குறைய 13 மில்லிகிராம். கனடாவின் வடதுருவப் பகுதியில் 1819-20 குளிர்காலத்தைக் கழித்த எட்வர்ட் பாரி, கப்பல் அறையில் அடுப்புக் குழாயருகே பெட்டிகளில் கடுகு முளைக்கவைத்து நோயாளிக்குக் கொடுத்தார். ஒரு மூட்டை பாசிப்பயறு போதும். முளைக்கவைக்கச் சூடு வேண்டும் என்பதுதான் சிக்கல், திரும்பவும் மண்ணெண்ணெய்தான்.

கேள்வி: குளிர்ந்தால் இன்னும் நாலு சட்டை போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?

பதில்: அங்கே வியர்வைதான் எதிரி. 1911 ஜூன் இறுதியில் பென்குயின் முட்டைக்காகப் போன ஸ்காட் குழுவின் வில்சன், பவர்ஸ், செரி-காரர்ட் மூவரும் மைனஸ் 60 பாகை வரை பார்த்தார்கள். மூச்சும் வியர்வையும் படுக்கைப் பைக்குள் உறைந்து, ஐந்து வாரத்தில் பைகளின் எடை இரண்டு மடங்குக்கு மேலானது. உடைகள் வெளியே வந்த சில வினாடிகளில் பலகையாக விறைத்துவிடும். வண்டி இழுக்கக் குனிந்த நிலையில் உறைய விடுவார்கள், இல்லையென்றால் பிறகு குனிய முடியாது. அமுண்ட்சன் இதை நெட்சிலிக் இனுவிட் மக்களிடம் கற்றிருந்தார்: தொளதொளவென்ற இரண்டு அடுக்குக் கலைமான் தோல், உள்ளடுக்கின் முடி உடம்பைப் பார்த்து, வெளியடுக்கின் முடி வெளியே. வேலை செய்யும்போது காற்று புகும், நின்றால் சூடு தங்கும். வேலை தொடங்குமுன் லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் உடை அதிகம்.

கேள்வி: எண்டியூரன்ஸ் கப்பலில் தச்சர் மக்னீஷ் வளர்த்த பூனையை ஏன் சுட்டார்கள்? அதை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

பதில்: மக்னீஷும் மன்னிக்கவில்லை. கப்பல் நொறுங்கியதும் உணவுக் கணக்குக்காகச் சுட்டார்கள். படகைக் கட்டியவருக்கே துருவப் பதக்கம் மறுக்கப்பட்டது இன்னொரு அநியாயம். 2004-இல் வெலிங்டனில் அவர் கல்லறைமேல் வெண்கலப் பூனை ஒன்றை வைத்தார்கள்.

கேள்வி: இந்தக் கதைகளில் இந்தியா எங்காவது வருகிறதா?

பதில்: வருகிறது. பவர்ஸ் அதற்குமுன் ராயல் இந்தியன் மரைனில் இருந்தவர். ஸ்காட் குழுவின் இரண்டாம் பருவ வேலைக்காக இந்திய அரசு அனுப்பிய ஏழு கோவேறு கழுதைகள் 1912-இல் அண்டார்க்டிகா சேர்ந்தன: லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாகிப். அவற்றோடு ஸ்காட்டைத் தேடிப் போனபோதுதான் நவம்பரில் கடைசிக் கூடாரம் கிடைத்தது. பக்கத்தில் நின்ற வண்டியில் 16 கிலோ பாறைத் துண்டுகள் இருந்தன. எடையைக் குறைக்க எதையெதையோ எறிந்தவர்கள் அதை எறியவில்லை. அவற்றில் இருந்த, குளோசாப்டெரிஸ் என்ற அழிந்துபோன தாவரத்தின் இலைப்படிவம் நம் ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகைகளிலும் கிடைப்பதுதான்.