அணுமின் நிலைய வேலைக்கு வி.ஆர். கண்ணாடிப் பயிற்சி உதவுமா?

ஐடிஐ முடித்துவிட்டு அணுமின் நிலைய ஒப்பந்த வேலைக்குப் போகவிருப்பதாகவும், வி.ஆர். கண்ணாடி (கணினி உருவாக்கும் இடத்தை நிஜம்போலக் கண்முன் காட்டும் கருவி) மாட்டிக் கொடுக்கும் பயிற்சி உண்மையிலேயே உதவுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உதவும், தம்பி. எதற்கு உதவும் என்று தெரிந்துகொண்டு மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நான் வள்ளியூர்க்காரன். வெளிமாநில அணுமின் நிலையங்களில், பராமரிப்புக்காக உலையை நிறுத்தும் காலங்களில் பதினொரு ஆண்டுகள் பிட்டராக வேலை பார்த்தேன். முதல் வகுப்பில், கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சிலிருந்து தப்பிக்க ‘நேரம், தூரம், தடுப்பு’ என்று பலகையில் எழுதிப் பாடம் நடத்தினார்கள்: குறைந்த நேரம் நில், தள்ளி நில், தடுப்புக்குப் பின்னால் நில். பக்கத்தில் இருந்தவர் இராதாபுரம் பக்கம் கிணறு வெட்டும் குடும்பத்தைச் சேர்ந்தவர். மெதுவாகக் கேட்டார்: “அண்ணாச்சி, கிணற்றில் இறங்கும் முன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்போம். அணைந்தால் விஷக்காற்று. இதற்கு எந்த விளக்கை இறக்குவது?”

அன்று என்னிடம் பதில் இல்லை. சட்டைப்பையில், நம்மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர் இருக்கும். ஆனால் அது நாம் நிற்கும் இடத்துக் கணக்கைத்தான் சொல்லும். நாலடி தள்ளி நின்றால் எவ்வளவு குறையும் என்று சொல்லாது. வி.ஆர். கண்ணாடிக்குள் கதிர்வீச்சை நிறமாகவே காட்டலாம்: வால்வை ஒட்டிச் சிவப்பு, தூணுக்குப் பின்னால் பச்சை. சிறிய கதிர்வீச்சு மூலத்திலிருந்து ஒரு மீட்டரில் மணிக்கு 2 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு) என்றால், இரண்டு மீட்டரில் 0.5 தான். ஸ்பேனர் வரட்டும் என்று கால் மணி நேரம் அருகிலேயே நின்றவனுக்கு வீணாக 0.5 மில்லிசீவர்ட் ஏறியிருக்கும். நம் நாட்டில் இந்த வேலை செய்பவருக்கு 5 ஆண்டுகளுக்கு மொத்தம் 100 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30 என்பதே உச்சவரம்பு. நார்வேயின் ஹால்டன் ஆய்வாளர்கள், ஜப்பானின் ஃபூகென் உலையைப் பிரிக்கும் வேலைக்காக இப்படி அளவைக் கண்ணுக்குக் காட்டும் ‘விஆர்டோஸ்’ மென்பொருளை உருவாக்கினார்கள்.

கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர்களுக்குக் கூடங்குளத்திலேயே முழு அளவு சிமுலேட்டர் (நிஜ அறையைப் போலவே அமைத்த பயிற்சி அறை) இருக்கிறது. சில வாரங்கள் மட்டும் வந்து குழாய்களுக்கு அடியில் குனிந்து கிடக்கும் வெல்டருக்கும் ஹெல்பருக்கும்தான் இந்தக் கண்ணாடி முதலில் போய்ச் சேர வேண்டும். அது தமிழில் பேச வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனமில்லை.

கை வேலையை மட்டும் அதை நம்பிப் பழகாதீர்கள். ஓர் ஐடிஐயில் வி.ஆர். வெல்டிங் கருவியைப் பிடித்துப் பார்த்தேன். அனலும் இல்லை, தோள் கடுக்கவும் இல்லை. நிஜத்தில் முகமூடியும் இரண்டு ஜோடிக் கையுறையும் பிளாஸ்டிக் உடையும் போட்டால் பத்து நிமிடத்தில் வேர்வை கண்ணில் இறங்கும், நட்டு விரலுக்குப் பிடிபடாது. ஆகவே அதே உடையில் நிஜ வால்வைக் கழற்றி மாட்ட எத்தனை முறை விடுவார்கள் என்று கேளுங்கள். உடையைக் கழற்றும் ஒத்திகையையும் கேட்டு வாங்குங்கள். உடையில் ஒட்டும் கதிரியக்கத் தூசிக்குப் பதிலாகக் கையுறையில் ஒளிரும் பொடியைத் தடவிவிட்டு, கழற்றி முடித்ததும் புற ஊதா விளக்கில் நிற்கச் சொல்வார்கள். முதல் முறை என் கழுத்தில் நான்கு விரல் தடமும் பளிச்சென்று தெரிந்தது.