எதைப் படிக்கட்டும் என்று கேட்கும் ஏற்காட்டு வாசகிக்கு

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு வயது 43. ஏற்காட்டில் ஆங்கில ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மார்பகப் புற்றுநோய்க்காக 14 மாதங்களுக்கு முன்பு என் இடது மார்பை அகற்றினார்கள். கீமோ முடிந்து, இப்போது நோய் திரும்பாமல் இருக்க டாமோக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். கீமோவுக்காகச் சேலத்துக்குப் போய்வந்த நாட்களில், 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எனக்குக் குமட்டாமல் இருக்க, என் கணவர் எலுமிச்சம்பழத்தைக் கீறி என் மூக்கருகே பிடித்தபடியே வருவார். அதே மனிதர், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நாளிலிருந்து கூடத்தில்தான் பாய் விரித்துப் படுக்கிறார். நானும் காரணம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குளியலறைக் கண்ணாடியைத் துண்டால் மறைத்துவிட்டுத்தான் குளிக்கிறேன். அவர் என்னைத் தொட வேண்டும் என்று ஏங்குகிறேன். இந்த நிலையில் அப்படி ஆசைப்படுவதே தவறோ என்றும் தோன்றுகிறது.

எங்கள் ஜெபக்குழுவைச் சேர்ந்த அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா, யோசித்துப் பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். திருமணத்துக்கு முன்பு நான் ஒருவரை விரும்பியது அன்றிலிருந்து திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. வேதத்தைத் திறக்கவே கை வரவில்லை. யாரிடமும் பேச முடியாத எனக்கு, படிப்பதற்காவது சில நூல்களைச் சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏற்காடு

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் திறக்கத் தயங்கும் வேதத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த அக்காவின் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது. குற்றம் எதுவும் செய்யாமலே பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்து, உடலெங்கும் புண்ணோடு கிடந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் மூவரும் 7 பகலும் 7 இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்பேன். வாய் திறந்த பிறகு, குற்றமில்லாதவன் எப்போதாவது அழிந்தது உண்டா என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் யோபு புத்தகத்தின் 42ஆம் அதிகாரத்தில் கர்த்தரின் கோபம், அத்தனை நாளும் அழுது முறையிட்ட யோபுவின் மேல் மூளவில்லை, அந்த மூவர் மேல்தான் மூண்டது. அதன் பிறகு யோவான் 9ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களை மட்டும் படியுங்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்க, இரண்டுமே இல்லை என்கிறார் இயேசு. நீங்கள் ஒருவரை விரும்பியதற்கும் மார்பில் கட்டி வந்ததற்கும் மருத்துவப்படி எந்தத் தொடர்பும் கிடையாது. இதை உறுதியாகவே சொல்கிறேன்.

திருநாவுக்கரசர் சூலை நோயோடு திருவதிகைக்கு வந்து பாடிய 'கூற்றாயினவாறு' பதிகத்தையும், வேறு சமயத்தினுடையது என்று தள்ளிவிடாமல் படித்துப் பாருங்கள். குடலைப் பிடித்து முடக்குகிறது, என்னால் தாங்க முடியவில்லை என்று கடவுளிடமே நேருக்கு நேர் சொல்கிறார். வலியைச் சொல்லி முறையிடுவது அவநம்பிக்கை ஆகாது. எனக்கு அது ஜெபமாகவே தோன்றுகிறது.

நீங்கள் ஆங்கில ஆசிரியை என்பதால் ஆங்கிலத்திலும் இரண்டு நூல்களைச் சொல்கிறேன். முதலில் ஆட்ரி லார்ட் 1980இல் வெளியிட்ட 'தி கேன்சர் ஜர்னல்ஸ்'. அவர் கறுப்பினப் பெண் கவிஞர். பெண்ணைத் துணையாகக் கொண்டு வாழ்ந்தவர். 1978இல் உங்களைப் போலவே ஒரு மார்பை இழந்தவர். செயற்கை மார்பு அணியாமல் மருத்துவரைப் பார்க்கப் போனபோது, அப்படி வருவது மற்றவர்களின் மனநிலையைக் கெடுக்கும் என்று செவிலியர் ஒருவர் சொன்னதையும், அதனால் தமக்கு வந்த கோபத்தையும், அந்த உடலோடு வாழ்ந்து விரும்பப்பட்டதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கண்ணாடியில் தொங்கும் துண்டை எடுக்கும்படி நான் சொல்லமாட்டேன். இந்த நூல் பக்கத்தில் இருக்கட்டும். மனம் சற்று நிலைப்பட்ட பிறகு அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1978இல் எழுதிய 'இல்னஸ் ஆஸ் மெட்டஃபர்' நூலைப் படியுங்கள். காசநோயும் புற்றுநோயும் நோயாளியின் குணத்தாலும் அடக்கிவைத்த உணர்ச்சிகளாலும் வருவதாகச் சொல்லப்பட்டுவந்த கதைகள், நோயாளியின் மேல் எவ்வளவு வெட்கத்தை ஏற்றிவிட்டன என்று அதில் அவர் விளக்குகிறார். அவருக்கும் 1975இல் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. ஆனாலும் அந்த நூலில் தம் நோயைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை.

ஆசைப்படுவது தவறோ என்று கேட்டிருக்கிறீர்கள். தவறில்லை. வேதத்தில் காதல் பாடல்களாகவே அமைந்த உன்னதப்பாட்டின் 8 அதிகாரங்களையும் படியுங்கள். கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள உறவாகவே அதைப் போதிக்கக் கேட்டிருப்பீர்கள்; அந்த விளக்கம் இருக்கட்டும், அதன் சொற்களெல்லாம் ஒருவரையொருவர் தேடும் இரண்டு உடல்களைப் பற்றியவைதான்.

புத்தகம் செய்ய முடியாதது ஒன்று உண்டு. டாமோக்சிஃபென் சாப்பிடும் பெண்கள் பலருக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் வருவதைப் போன்ற உடல் சூடும் பிறப்புறுப்பில் வறட்சியும் ஏற்படும். ஆசை குறைவதும் உண்டு. வறட்சிக்கு ஹார்மோன் கலக்காத வழுவழுப்புக் களிம்புகள் கிடைக்கின்றன. ஹார்மோன் உள்ள எதையும் உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள். அந்த மாத்திரை சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது என்பதால், கருத்தடை பற்றியும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் கூடத்தில் படுக்கத் தொடங்கியதும், எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கியதும் ஒரே காலத்தில்தான். அவர் மனதில் இருப்பதை நான் அறியேன். ஆனால் தொட்டால் மனைவிக்கு வலிக்குமோ, நோய் திரும்பிவிடுமோ என்று அஞ்சிக் கூடத்துக்குப் போன கணவர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். தாம்பத்தியத்தால் புற்றுநோய் திரும்பி வராது; ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றவும் செய்யாது. இதை நீங்கள் சொல்வதைவிட மருத்துவர் சொல்லி அவர் கேட்பது நல்லது. அடுத்த பரிசோதனைக்கு அவரை வெளியே உட்காரவைக்காமல் அறைக்குள் அழைத்துச் சென்று, அவர் முன்னிலையிலேயே அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அன்றிரவு பாயை உள்ளறையில் விரிக்கச் சொல்லுங்கள். தொடுவதைப் பற்றி அன்றைக்கே இருவரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.